“கடிச்சுச்சா?”ன்னு மட்டும் கேட்டோம்: ஒரு வெறிநாய், ஒரு கறவை மாடு, 44 நாள்

வட மாவட்டம் ஒண்ணுல மலையடிவாரத்து ஊர்ல நடந்த விஷயம் இது. அப்போ நான் அந்த ஏரியா பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையத்துல) சுகாதார ஆய்வாளரா இருந்தேன். ஊர் பேரு, ஆளுங்க பேரு எதுவும் எழுதல, அடையாளம் தெரியக்கூடாதுன்னு வயசு மாதிரி சில விவரத்தையும் கொஞ்சம் மாத்திருக்கேன். நடந்த வரிசை, நாங்க எடுத்த முடிவு, பண்ண தப்பு எல்லாம் அப்படியே தான் இருக்கு. யாரும் சாகல, அதனால இதை ஒரு வெற்றிக் கதையா நினைச்சுற வேணாம், படிச்சீங்கன்னா எவ்வளவு பக்கத்துல போயிட்டு வந்தோம்னு தெரியும்.

ஊரும் நிலைமையும்

மெயின் ஊரு, காலனி, ஏரிக்கு அந்தப் பக்கம் கொட்டாய்னு சொல்ற ஒரு சின்ன குடியிருப்பு எல்லாம் சேர்த்து நானூறு வீடு இருக்கும். பாதி வீட்டுல கறவை மாடு, காலைலயும் சாயந்தரமும் பால் சொசைட்டிக்கு ஊத்துவாங்க. பி.எச்.சி. 7 கிலோமீட்டர், கால்நடை மருந்தகம் அதுக்கு எதிர் திசைல 9 கிலோமீட்டர், ரெண்டு ஆபீசுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, கூட்டம்னா மட்டும் பார்த்துக்குவோம்.

நாய் இல்லாத வீடு கம்மி. ஆனா “உங்க நாயா?”ன்னு கேட்டா “நம்ம வீட்டாண்ட படுத்துக்கும் சார், சோறு வைப்போம், அவ்ளோதான்”னு சொல்லுவாங்க. கட்டிப் போடறதும் இல்ல, ஊசி போடறதும் இல்ல. நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போடணும்னு கேட்டாலே சிரிப்பாங்க.

வெறிநாய்னா பயம் இல்லாத ஊரும் இல்ல இது. அது தான் இதுல முக்கியமான விஷயம். கடிச்சா நாய் மாதிரி குரைப்பாங்க, வயித்துல குட்டி வளரும், பன்னெண்டு வருஷம் கழிச்சும் ஏறும்னு எல்லாரும் ஒரு கதை வச்சிருக்காங்க. பெரியவங்களுக்கு இன்னும் தொப்புளைச் சுத்தி 14 ஊசி தான் ஞாபகம். அந்தப் பழைய ஊசி ஆட்டு மூளைல இருந்து எடுத்தது, அதை நம்ம நாட்டுல நிறுத்தி 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்போ கைல தான் போடறாங்கன்னு எத்தனை தடவ சொன்னாலும் “வயித்துல போடுவீங்களா சார்?”னு தான் முதல் கேள்வி வரும். ரெண்டாவது கேள்வி கறி மீன் சாப்பிடலாமா. கூடாதுன்னு யாரோ சொன்னதை நம்பி, திருவிழா முடியட்டும்னு ஊசியைத் தள்ளிப்போட்டவங்களை நான் பார்த்திருக்கேன். சாப்பிடலாங்க, தாராளமா சாப்பிடலாம்.

நாய் வந்த அன்னிக்கு (நாள் 0)

மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பக்கத்து ஊர்ப் பக்கம் இருந்து ஒரு கருப்பு நாய் வந்துச்சு. வாய்ல எச்சி ஒழுக, வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு நேரா ஓடிட்டே இருந்துச்சாம், கூப்பிட்டாலும் திரும்பல கல்லால அடிச்சாலும் ஒதுங்கலன்னு பார்த்தவங்க சொன்னாங்க. ஒரு மாட்டுக் கொட்டாய்ல பூந்து கட்டியிருந்த மாட்டை மூக்குக்கு மேல கடிச்சுச்சு, அடுத்த வீட்டு மாட்டைப் பின்னங்கால்ல கடிச்சுச்சு, ஊர் நாய்ங்களோட மூணு எடத்துல சண்டை போட்டுச்சு. ஏழரை மணிக்குள்ள பசங்க நாலஞ்சு பேரு ஏரிக்கரைல மடக்கி தடியால அடிச்சுக் கொன்னு கரைக்கு அந்தப் பக்கம் வீசிட்டாங்க.

மாட்டுக்காரர் காயத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் பூசினாரு, ரெண்டு நாள்ல ஆறிடுச்சு. மாட்டு டாக்டருக்கும் சொல்லல, எங்களுக்கும் சொல்லல. ஏன் சொல்லலன்னு பின்னாடி கேட்டப்போ அவர் சொன்னது: “மனுஷனை ஒண்ணும் பண்ணலையே சார்.”

அன்னிக்கு அந்த நாய் மனுஷனையும் ஒண்ணு பண்ணியிருந்துச்சு. அது எங்களுக்குத் தெரிய 44 நாள் ஆச்சு.

ஒன்பதாவது நாள், டீக்கடை

இது என் தப்பு, அதனால தனியா எழுதறேன். கொசு ஒழிப்பு வேலையா ஊருக்குப் போனவன் டீக்கடைல உட்கார்ந்திருந்தேன், பேச்சோட பேச்சா வெறிநாயை அடிச்ச கதை வந்துச்சு. நான் உடனே “யாரையாவது கடிச்சுச்சா?”ன்னு கேட்டேன். “இல்ல சார், மாட்டை தான்”னாங்க. சரி, மாடு நம்ம டிபார்ட்மென்ட் இல்லன்னு டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

கேட்ட கேள்விலயே கோளாறு இருந்துச்சு. நம்ம ஊர்ல “கடி”ன்னா பல்லு எறங்கி ரத்தம் வரணும். நகம் கீறினா அது “பொராண்டிச்சு”, நக்கினா அது பாசம், எச்சி பட்டா கழுவிட்டுப் போயிடுவாங்க. எங்க கணக்குல அப்படி இல்ல. ரத்தம் வராத சின்ன கீறலா இருந்தாலும் தடுப்பூசி போடணும். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தா, இல்ல ஏற்கனவே இருக்கிற புண்ணு மேல, கண்ணு வாய் மேல எச்சி பட்டுச்சுன்னா ஊசியோட சேர்த்து காயத்துலயே இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே அடக்கற ரெடிமேட் எதிர்ப்பு மருந்து) போடணும். நல்ல தோல் மேல நக்கினா மட்டும் தான் ஒண்ணும் வேணாம். இத்தனையும் தெரிஞ்ச நானே “கடிச்சுச்சா”ன்னு தான் கேட்டேன், பதில் சொன்னவங்க அவங்க அகராதிப்படி உண்மையைத் தான் சொன்னாங்க. நாமளே அந்த ஊசிக்கு “நாய்க்கடி ஊசி”ன்னு பேரு வச்சுட்டோம், அப்புறம் கீறலுக்கு யாரு வருவாங்க?

மாடு (நாள் 39 முதல் 42)

பங்குனி கடைசில மூக்குல கடிபட்ட மாடு தீனி எடுக்கல. வாய்ல நூல் நூலா எச்சி, தண்ணித் தொட்டில வாயை வைக்கும் ஆனா முழுங்க முடியல, தொண்டை கட்டின மாதிரி கத்திட்டே இருந்துச்சு. பார்த்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, பனங்கொட்டையோ என்னவோ தொண்டைல மாட்டிடுச்சுன்னு. பக்கத்து வீட்டுக்காரரு ஒருத்தரு, வயசு ஐம்பது இருக்கும், மாட்டு வைத்தியம் கொஞ்சம் தெரிஞ்சவரு, ஊர்ல எந்த மாடு விக்கிச்சாலும் அவரைத் தான் கூப்பிடுவாங்க. சட்டையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டு வாய்க்குள்ள கையை விட்டுத் துழாவினாரு, ஒண்ணும் கிடைக்கல. முந்தின நாள் கம்பு அறுக்கும்போது அருவா பட்டு ஆள்காட்டி விரல்ல வெட்டு இருந்துச்சு, அதுக்கு அவரு துணி கூட சுத்தல. கொம்பைப் பிடிச்சிட்டு நின்ன பையன் மேல மாடு தலையை உதறும்போது எச்சி தெறிச்சு கண்ணுல பட்டுச்சு.

மறுநாள் மாட்டு புரோக்கர் ஒருத்தரு வந்தாரு. சாகறதுக்குள்ள கறிக்குக் கொடுத்துட்டா பாதிக் காசாவது வரும்னு வீட்டுக்காரரு நினைச்சிருக்காரு, அதுல அவரைக் குத்தம் சொல்லவும் மனசு வரல, அந்த ஒரு மாட்டுல தான் அவங்க சொசைட்டி லோனைக் கட்டிட்டு இருந்தாங்க. புரோக்கர் பழக்க தோஷத்துல வாயைத் தொறந்து பல்லைப் புடிச்சுப் பார்த்தாரு. பின்னங்கால் தள்ளாடறதைப் பார்த்துட்டு வேணாம்னு போயிட்டாரு.

அன்னிக்கு சாயந்தரம் தான் கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் பண்ணாங்க. கால்நடை டாக்டரம்மா வந்து கொட்டாய் வாசல்லயே நின்னு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வி, “ரெண்டு மாசத்துக்குள்ள இதை நாய் கடிச்சுச்சா?” அவங்க கேட்டப்போ அது சரியான கேள்வி. தொண்டைல எதுவும் இல்ல, மாட்டுக்கு வெறி ஏறியிருக்கு, தொண்டை தசை வேலை செய்யாம போறதால தான் முழுங்க முடியலன்னு சொல்லி, கிட்ட போகக்கூடாது, பால் கறக்கக்கூடாது, கன்னைப் பிரிச்சுக் கட்டணும், விக்கக்கூடாதுன்னு நாலையும் வீட்டுக்காரர் கிட்ட ரெண்டு தடவ சொன்னாங்க. அடுத்த வீட்டு மாட்டுக்கு அன்னிக்கே தடுப்பூசி ஆரம்பிச்சாங்க, கடிபட்ட கால்நடைக்கு 0, 3, 7, 14, 28னு அஞ்சு தவணை. அஞ்சு வாரத்துக்கு மேல லேட்டு தான், இருந்தாலும் போட்டுப் பார்ப்போம்னு.

எனக்கு அவங்க போன் பண்ணது நாள் 41 காலைல. நம்பர் தெரியாம பி.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு வாங்கியிருக்காங்க. மாடு நாள் 42 ராத்திரி செத்துச்சு. டாக்டரம்மா மூளை சாம்பிள் எடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க, அவங்க காலைல வர்றதுக்குள்ள ஜே.சி.பி. வச்சு ஆழமாக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைச்சுட்டாங்க. தோலை உரிக்காம புதைச்சது நல்லது தான், ஆனா ரேபிஸ், அதாவது வெறிநோய் தான்னு ஆய்வகத்துல உறுதி பண்ற வாய்ப்பு போச்சு. அதனால இந்த ஆய்வு முழுக்க “சந்தேகத்துக்குரிய ரேபிஸ்”னு தான் பதிவு இருக்கு.

பால் குடிச்ச 63 பேரு (நாள் 43)

மாடு சீக்காகறதுக்கு மூணு நாள் முன்னாடி அந்தத் தெருவுல ஒரு காதுகுத்து. பாயசத்துக்குப் பால் அந்த மாட்டோடது. மாடு வெறி ஏறி செத்துச்சுன்னு செய்தி பரவினதும், பாயசம் குடிச்சவங்க, தினமும் பால் வாங்கினவங்க, மோர் வாங்கினவங்கன்னு எல்லாரும் ஒரு டிராக்டர், ரெண்டு ஷேர் ஆட்டோ பிடிச்சு ஒன்பது மணிக்கு பி.எச்.சி. வாசல்ல வந்து நின்னாங்க. எண்ணினேன், 63 பேரு. கைக்கொழந்தையோட வந்தவங்களும் உண்டு.

எங்க கிட்ட ஸ்டாக் 11 வயல் (சின்ன மருந்துக் குப்பி). தோலுக்குள்ள போடற முறைல ஒரு கைக்கு 0.1 மில்லி, ரெண்டு கைக்கு 0.2, ஒரு மில்லி வயல்ல அஞ்சு பேருக்கு வரும், தொறந்தா அன்னிக்கே தீர்க்கணும். 63 பேருக்கு முதல் தவணைக்கே 13 வயல் வேணும், அப்புறம் 3, 7, 28னு இன்னும் மூணு தடவ. எல்லாருக்கும் போட ஆரம்பிச்சா அன்னிக்கு மத்தியானம் நிஜமாவே நாய் கடிச்சு வர்றவனுக்கு ஒரு சொட்டு இருக்காது.

மெடிக்கல் ஆபீசர் சின்ன வயசு, வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகல. அவர் எடுத்த முடிவு: பால் குடிச்சதுக்கு ஊசி இல்ல. காரணத்தை வாசல்லயே நின்னு சொன்னாரு. கொதிக்க வச்சா அந்தக் கிருமி செத்துரும், பால் குடிச்சு மனுஷனுக்கு ரேபிஸ் வந்ததா ஆதாரம் இல்ல, வெறி ஏறின மாட்டுப் பாலை இனிமே கறக்கவும் வேணாம் குடிக்கவும் வேணாம், ஏற்கனவே குடிச்சதுக்குப் பயப்படாதீங்கன்னு. கேட்டுட்டு அமைதியாப் போயிட்டாங்கன்னு நினைக்காதீங்க. “எங்க புள்ளைங்க செத்தா நீ வந்து நிப்பியா?”ன்னு ஒரு அம்மா கத்தினாங்க, ஊர்ப் பெரியவரு ஒருத்தரு கலெக்டருக்கு போன் போடறேன்னு நின்னாரு, யாரோ வீடியோ எடுத்தாங்க. பத்தரை வரைக்கும் இதே தான்.

நிலைமையைத் திருப்பினது கிராம சுகாதார செவிலியர். ஒரு நோட்டை எடுத்துட்டு வேப்பமரத்தடில சேர் போட்டு உட்கார்ந்து, “ஊசி யாருக்குன்னு நான் எழுதறேன், ஒவ்வொருத்தரா வாங்க”ன்னாங்க. கூட்டம் வரிசை ஆச்சு. “பால் குடிச்சியா”ன்னு அவங்க கேக்கவே இல்ல. மாட்டு வாய்கிட்ட கை போச்சா, எச்சி எங்க பட்டுச்சு, அன்னிக்குக் கைல புண்ணு வெடிப்பு இருந்துச்சா, மாசி மாசத்துல இருந்து நாயோ பூனையோ கீறினது நக்கினது உண்டா, உங்க வீட்டுல இன்னிக்கு வராதவங்க யாரு. இந்தக் கடைசிக் கேள்வியை யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியல, அவங்களா கேட்டது தான்.

63 பேர்ல ரெண்டு பேரு தேறினாங்க. ஒண்ணு மாட்டுக்கார அம்மா, பித்தவெடிப்பு மாதிரி கையெல்லாம் வெடிச்சிருந்துச்சு, அந்தக் கையோட எச்சித் தொட்டியைக் கழுவியிருக்காங்க. இன்னொண்ணு கண்ணுல எச்சி தெறிச்ச பையன். ரெண்டு பேருமே பால் குடிச்சோம்னு தான் வந்திருந்தாங்க, மத்ததை அவங்க ஒரு விஷயமாவே நினைக்கல.

வாய்க்குள்ள கையை விட்டவரு கூட்டத்துலயே இல்ல. அவரு பால் குடிக்க மாட்டாராம், வரக்காப்பி தான். அதனால தனக்கு ஒண்ணும் இல்லன்னு கம்புக் கொல்லைல வேலை பார்த்துட்டு இருந்தாரு. புரோக்கரும் இல்ல, அவரு வேற ஊரு.

இன்னொரு ஆளைப் பத்தியும் சொல்லிடறேன். கோயில் அபிஷேகத்துப் பச்சைப் பாலைக் கைல வாங்கிக் குடிச்ச ஒரு ஆயா, ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு அழுதாங்க. வழிகாட்டுதல்படி அவங்களுக்கும் தேவையில்ல. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு “அவங்களுக்குப் போட்டுருங்க சிஸ்டர்”ன்னுட்டாரு. இது சரியா தப்பான்னு எங்களுக்குள்ள பின்னாடி சண்டையே வந்துச்சு, ஒருத்தருக்குப் போட்டா 60 பேருக்கு என்ன பதில் சொல்லுவீங்கன்னு நான் கேட்டேன். இப்போ யோசிச்சா அவரு பண்ணதுல எனக்குப் பெருசா வருத்தம் இல்ல.

கொல்லைக்குப் போய் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர நானே பைக்ல போனேன். “எனக்கு எதுக்கு சார், என்னை எந்த நாயும் கடிக்கலையே”ன்னாரு. விரலைக் காட்டச் சொன்னேன், வெட்டு பாதி ஆறியிருந்துச்சு. சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவ வச்சோம். பட்ட உடனே செய்ய வேண்டியது, நாலு நாள் ஆனாலும் விடக்கூடாது. முதல் தவணை ஊசி போட்டு, இம்யூனோகுளோபுலினுக்கு 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மூணு பேரையும் அனுப்பினோம். எடைக்குக் கணக்கு, குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிற இம்யூனோகுளோபுலின்னா கிலோவுக்கு 40 யூனிட், ஆனா விரல்ல எவ்வளவு ஏறும்? ஏறின வரைக்கும் தான் போட்டாங்க, வலில மனுஷன் கத்திட்டாராம்.

பள்ளிக்கூடம் (நாள் 44)

செவிலியர் நோட்டுல ஒரு வரி இருந்துச்சு, “ஏரிக்கரைல நாயை அடிச்சப்போ சின்னப் பசங்க வேடிக்கை பார்த்தாங்க”ன்னு. சந்தேகத்துக்குரிய நாய் கடிச்சவங்கள்ல 40 சதவீதம் 15 வயசுக்குள்ள பசங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பசங்க வீட்டுல சொல்லவும் மாட்டாங்க. அதனால மறுநாள் தொடக்கப்பள்ளிக்குப் போனோம்.

ஹெட்மாஸ்டர் என்னைப் பேச விடல, நல்லதாப் போச்சு. காக்கி பேண்ட்டும் ரெஜிஸ்டருமா நான் நின்னா ஒருத்தனும் வாயைத் தொறந்திருக்க மாட்டான். மூணாங்கிளாஸ் டீச்சர் தரைல உட்கார்ந்து தன் முழங்கால்ல இருக்கிற பழைய தழும்பைக் காட்டி, இது எங்க ஊர் நாய் பொராண்டினது, உங்க யாருக்காவது இந்த மாதிரி இருக்கா, இருந்தா காட்டுங்க, திட்ட மாட்டேன்னாங்க. உடனே போட்டி மாதிரி ஆயிடுச்சு, முள்ளு குத்தின தழும்பு, சைக்கிள்ல விழுந்த தழும்பு எல்லாம் வந்துச்சு. அதுல நாய் பூனை சம்பந்தப்பட்டது மூணு.

ஒரு பொண்ணை தீபாவளி சமயத்துல வீட்டு நாய் கீறியிருக்கு, அந்த நாய் இன்னும் நல்லா சுத்திட்டு இருக்கு, பிரச்சனை இல்ல. கீறின நாய் பத்து நாள் தாண்டியும் ஆரோக்கியமா இருந்தா அந்தக் கீறல்ல ரேபிஸ் கிடையாது. இன்னொரு பொண்ணைப் போன வாரம் தெருப் பூனை பொராண்டியிருக்கு, பூனையைக் காணோம், ஊசி ஆரம்பிச்சோம்.

மூணாவது ஏழு வயசுப் பையன். ஆடுதசைல ரெண்டு கோடு, கீழ ஒரு பல்லு தடம் மாதிரி சின்ன குழி, எல்லாம் ஆறித் தழும்பாயிடுச்சு. “எந்த நாய்டா?” “கருப்பு நாய் மிஸ், அண்ணனுங்க அடிச்சாங்களே, அது.” ஏரிக்குப் போனா காலை ஒடிச்சுருவேன்னு அம்மா சொல்லியிருக்காங்க, அன்னிக்கு அவன் போயிருக்கான், அதனால டவுசருக்குக் கீழ மண்ணு பூசிட்டு முள்ளு கிழிச்சுச்சுன்னு சொல்லிட்டான். 44 நாள்.

டீச்சர் முகத்துல ரத்தம் இல்ல, எனக்கும் தான். சாதாரணமா கடிபட்டு ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்குள்ள ரேபிஸ் அறிகுறி வரும், மூஞ்சி தலைன்னா சீக்கிரம், கால்னா கொஞ்சம் லேட்டு. அறிகுறி வந்துட்டா எந்த ஆஸ்பத்திரியும் ஒண்ணும் பண்ண முடியாது. பையன் நல்லா விளையாடறான், ஜுரம் இல்ல, தழும்பு எடத்துல குறுகுறுப்பு இருக்கான்னு கேட்டோம் இல்லைன்னான், தண்ணி கொடுத்தோம் மடக்மடக்குன்னு குடிச்சான். அந்த ஒரு டம்ளர் தண்ணியை நாங்க பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

லேட்டாயிடுச்சு இனிமே போட்டு என்ன பிரயோஜனம்னு ஊர்ல சிலர் சொன்னாங்க. அது தப்பு, அறிகுறி வராத வரைக்கும் எத்தனை நாள் ஆனாலும் அன்னிக்குக் கடிச்ச மாதிரியே நினைச்சு முழுசா போடணும். பையனை அம்மாவோட என் வண்டிலயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், தழும்பைச் சுத்தி இம்யூனோகுளோபுலின், ரெண்டு கைலயும் ஊசி. போற வழியெல்லாம் அந்த அம்மா அவனை அடிக்கவும் இல்ல பேசவும் இல்ல, மடில இறுக்கிப் பிடிச்சுட்டே வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கும்போது தான் “ஏன்டா சாமி சொல்லல?”ன்னு கேட்டாங்க.

ஊசி முடியற வரைக்கும்

புரோக்கரைப் பிடிச்சது பெரிய கதை. பேரு ஒருத்தருக்கும் முழுசாத் தெரியல, “மீசைக்காரர்”னு தான் சொன்னாங்க. செவிலியர் புதன்கிழமை சந்தைக்குப் போய் மாட்டுத் தரகருங்க நடுவுல நின்னு விசாரிச்சாங்க. ஆளு சிக்கினாரு, கைல சிராய்ப்பு இருந்துச்சான்னு கேட்டா ஞாபகம் இல்லன்னாரு, கயிறு பிடிக்கிற கை, சிராய்ப்பு இல்லாம இருக்குமா? சந்தேகத்தை அவருக்கு சாதகமா எடுத்து மூணு பேருக்கு பண்ண மாதிரியே அவருக்கும் பண்ணோம். மூணு தவணை ஒழுங்கா வந்தாரு, 28வது நாள் வரல. அடுத்த புதன் செவிலியர் ஐஸ் பாக்ஸோட சந்தைக்கே போய், பேரம் பேசிட்டு இருந்தவரை ஓரமாக் கூப்பிட்டு ரெண்டு கைலயும் போட்டுட்டு வந்தாங்க. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்களாம், ஆனா அதுக்கப்புறம் அந்தச் சந்தைத் தரகருங்க ரெண்டு பேரு அவங்களா வந்து கேட்டாங்க.

கண்ணுல எச்சி பட்ட பையன் மூணாவது தவணைக்கு முன்னாடி திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிட்டான். எந்த அரசு ஆஸ்பத்திரிலயும் மிச்சத்தைப் போட்டுக்கலாம்னு சீட்டுல தேதி எழுதிக் கொடுத்தோம், போட்டுட்டு போட்டோ அனுப்பினான்.

பக்கத்து ஊர்ல நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுக்கிற பெரியவரு ஒருத்தரு இருக்காரு. போலீஸ்ல சொல்லணும்னு எனக்குத் தோணுச்சு. டாக்டரும் செவிலியரும் நேர்ல போய் அவர் கிட்ட பேசினாங்க, வர்றவங்களை முதல்ல சோப்பு போட்டுக் கழுவ வச்சு, ஊசிச் சீட்டைக் காட்டினா தான் மருந்துன்னு சொல்லுங்கன்னு. ஒத்துக்கிட்டாரு. அவரு மூலமா எங்க பி.எச்.சி.க்கு ஆளுங்க வந்தாங்க, அதை நான் மறுக்க முடியாது. ஆனாலும் பச்சிலையை நாமளே ஆமோதிச்ச மாதிரி ஆச்சேன்னு ஒரு உறுத்தல் எனக்கு இருக்கு.

ஊர் நாய்ங்க

கிராம சபைல எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது, நாயையெல்லாம் அடிச்சுக் கொன்னுருங்க. சட்டப்படி முடியாதுன்னு சொன்னா கோவம் தான் வரும், வந்துச்சு. டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்க: இருக்கிற நாயைக் கொன்னா அந்த எடத்துக்கு அடுத்த ஊர் நாய் வரும், அது ஊசி போடாத நாய், மாசில வந்தது எந்த ஊர் நாய்? இதைக் கேட்டு கொஞ்சம் அமைதி ஆனாங்க. நூத்துக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டுட்டா நோய் பரவறது நின்னுடும்.

எழுபது சதவீதம்னா மொத்தம் எவ்வளவு? தலைவரு “ஒரு முப்பது இருக்கும்”னாரு. எட்டாங்கிளாஸ் பசங்களை விட்டு தெருத்தெருவா எண்ண வச்சோம், 84. முகாம் போட்டு தண்டோரா அடிச்சோம், வந்தது 41 தான், ஏன்னா “நம்ம நாய்”னு கூட்டிட்டு வர ஆள் இருக்கிற நாய் மட்டும் தான் வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலைல பிஸ்கட், வலை, நாய் பேரு தெரிஞ்ச பசங்க நாலு பேரு, இவங்களோட டாக்டரம்மா திரும்ப வந்தாங்க, இன்னும் 22. மொத்தம் 63. அந்த எண்ணைக் கேட்டதும் செவிலியர் சிரிச்சுட்டாங்க, டிராக்டர்ல வந்த கூட்டமும் அதே 63.

மாசில வெறிநாயோட சண்டை போட்டதா சொன்ன நாய்ங்கள்ல ரெண்டு, கணக்கெடுக்கும்போதே இல்ல. செத்துச்சா, ஓடிடுச்சா, யாராவது அடிச்சாங்களா, ஒருத்தருக்கும் தெரியல.

என்ன ஆச்சு

ஊசி போட்டவங்க எல்லாரும் ஒன்றரை வருஷம் கழிச்சும் நல்லா இருந்தாங்க. பையன் இப்போ வேற பள்ளிக்கூடம். பின்னங்கால்ல கடிபட்ட அடுத்த வீட்டு மாடு பிழைச்சுடுச்சு, அது ஊசியாலயா, இல்ல முதல்லயே கிருமி ஏறலையான்னு சொல்ல முடியாது. செத்த மாட்டுக்கு இன்சூரன்ஸ் இல்ல, அந்தக் குடும்பம் கடனோட தான் இருந்தாங்க, நாங்க போட்ட எந்த ரிப்போர்ட்லயும் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

திரும்ப நடந்தா

வெறிநாயைக் கொன்னாங்கன்னு காதுல விழுந்தா அன்னிக்கே ஊருக்குள்ள போய் வீடு வீடாக் கேக்கணும், “கடிச்சுச்சா”ன்னு இல்ல, “பொராண்டுச்சா, நக்குச்சா, எச்சி பட்டுச்சா, வேடிக்கை பார்க்கப் போனவங்க யாரு”ன்னு. ஒன்பதாவது நாளே அப்படிக் கேட்டிருந்தா அந்தப் பையனுக்கு 35 நாள் முன்னாடியே ஊசி ஏறியிருக்கும்.

மாட்டைக் கடிச்சாலும் எங்களுக்குத் தகவல் வரணும், மனுஷனைக் கடிச்சா கால்நடை பக்கம் போகணும். இதுக்குன்னு ஆர்டர் வர்றதுக்குக் காத்திருக்காம டாக்டரம்மா, செவிலியர், நான், மூணு பஞ்சாயத்து செயலாளருங்க, பால் சொசைட்டி செக்ரட்டரி சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். பால் ஊத்த வர்றவங்க தான் ஊர்ல எந்த மாட்டுக்கு என்னன்னு முதல்ல பேசுவாங்க, அதனால செக்ரட்டரி தான் எங்களுக்கு அதிகமா செய்தி கொடுத்தவரு. செத்த மிருகத்தோட சாம்பிளுக்கு, புதைக்கறதுக்கு முன்னாடி யாருக்கு போன் பண்ணணும்னு சொசைட்டி சுவத்துல நம்பரை எழுதி வச்சோம்.

பி.எச்.சி.ல சிவப்பு எழுத்துல “நாய்க்கடி ஊசி இங்கு போடப்படும்”னு ஒரு போர்டு இருந்துச்சு. செவிலியர் அதுக்குக் கீழ சாக்பீஸ்ல “கீறல், பொராண்டல், புண்ணுல எச்சி பட்டாலும்”னு எழுதினாங்க. மழைல அழியும், திரும்ப எழுதுவாங்க. நான் டிரான்ஸ்பர் ஆகி வர்ற வரைக்கும் பெயின்டுக்கு பில் பாஸ் ஆகல.